கைராசி

என் பையைக் கீழே வைக்காதீர்கள் சார். தரையெல்லாம் ஈரம். சிரமம் இல்லையென்றால் உங்கள் மடியிலேயே இருக்கட்டும். கனம் ஒன்றும் இல்லை. உள்ளே ஒரு கோட்டுதான் இருக்கிறது. என் முழங்கால் மடங்காது, பஸ் குலுங்கும்போது மடியில் எதுவும் வைத்துக்கொள்ள முடியாது. ஜிப் போய்விட்டது, அதனால் ஒரு பக்கம் திறந்தே இருக்கும். கவிழ்க்காமல் வைத்துக்கொண்டால் போதும்.

பட்டுக்கோட்டைதானே நீங்கள்? நானும் அங்கேதான். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி இருக்கிறதாமே, தெரியுமா? நல்லதாகப் போயிற்று. இறங்கும்போது எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இல்லை இல்லை, பிள்ளைக்குச் சீட்டுக் கேட்கப் போகவில்லை. என்னைப் பார்த்தால் எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நான் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேதியியல் பேராசிரியர். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறவன். கைடு என்பார்கள். வயிரவன் என்று பெயர். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கேள்விப்பட்டிருக்க வேண்டிய பெயர்தான். அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் வேலை என்னவென்று கேட்டால் ரொம்பச் சுலபம். உலகத்தில் இல்லாத ஒரு பொருளைச் செய்கிறோம். செய்து, அதைப் படிகமாக இறக்குகிறோம். கற்கண்டு இறக்குகிற மாதிரிதான். படிகமாக இறங்கினால்தான் அது சுத்தம் என்று அர்த்தம். இறங்காவிட்டால் குடுவைக்கு அடியில் பிசின் மாதிரிக் கிடக்கும். மாதக்கணக்கில் கிடக்கும். பிள்ளைகள் அழும். அதனால் கல்யாணம் தள்ளிப்போன பிள்ளைகள் உண்டு. சிரிக்காதீர்கள், நிஜம்.

அப்படிக் கிடந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். "சார், ஒரு தடவ வந்து நின்னுட்டுப் போங்க சார்." இந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு போவேன். கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உள்சுவரை லேசாகச் சுரண்டுவேன். அவ்வளவுதான். முதலில் புகை மாதிரி ஒரு கலங்கல் வரும். அப்புறம் பனி கொட்டுகிற மாதிரி இறங்கும். பிள்ளைகள் கை தட்டும். பக்கத்து ஆய்வுக்கூடத்திலிருந்து, "வயிரவன் சாரை ஒரு நிமிஷம் கடன் குடுங்க" என்று வருவார்கள். ஆயுதபூஜை அன்றைக்குத் தராசுக்கும் அடுப்புக்கும் சந்தனம் வைக்கும்போது என் கோட்டுக்கும் ஒரு பொட்டு வைப்பார்கள். காலரில் இன்னும் அந்த மஞ்சள் இருக்கிறது. வேண்டுமானால் பாருங்கள்.

நானே ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தபோது தைத்த கோட்டு அது. துவைத்ததே இல்லை. ராசியைத் துவைப்பார்களா? என் மனைவிக்குத்தான் ஆகாது. "அத வாசல்லயே கழட்டி மாட்டுங்க, வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க" என்பாள் உண்ணாமலை.

ஒன்று சொல்லவேண்டும். புத்தம்புதுப் பொருளுக்கு என் ராசி பலிக்காது. முதல் தடவை அந்தப் பிள்ளைகளே தட்டுத்தடுமாறி எப்படியோ இறக்கிவிட வேண்டும். ஒரு தடவை எங்கள் கூடத்தில் இறங்கிவிட்டால் போதும், அப்புறம் நான் போய் நின்றால் மறுக்காது. ஏன் அப்படி என்று கேட்காதீர்கள். ராசிக்குக் காரணம் கேட்டால் அது ராசி இல்லை.

டிக்கெட் எடுத்துவிட்டேன் கண்டக்டர், இதோ.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? செண்பகவல்லி. இன்னும் அவளிடம் வரவே இல்லையா? கோவில்பட்டிப் பெண். நல்ல கை. அதை நான் எங்கேயும் மறைத்தது இல்லை. குடுவையைப் பிடிக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். சிலர் சட்டியைத் தூக்குகிற மாதிரிப் பிடிப்பார்கள், அவள் குழந்தையின் கழுத்தைத் தாங்குகிற மாதிரிப் பிடிப்பாள். அப்படிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான். ஆனால் வாய் நீளம். எல்லாப் பிள்ளைகளும் என்னைக் கூப்பிட்டபோது அவள் மட்டும் கூப்பிட மாட்டாள். நானாகப் போய் நின்றால், "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, குடுவைக்குக் கூச்சமா இருக்காம்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

அவள் ஒரு பொருள் செய்தாள். காசநோய்க்கு மருந்தாகலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். யோசனை என்னுடையது, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெகுநாள் பிசினாகவே கிடந்தது. ஒரு கோடைக்காலம். உண்ணாமலைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், நான் லீவில் இருந்தேன். திரும்பி வந்தபோது இறக்கி வைத்திருந்தாள். ஊசி ஊசியாக. தலைமுடியைவிட மெல்லிசு. வெயிலில் தூக்கிப் பிடித்தால் சிலந்திவலை மாதிரி மின்னும். என் கூடத்தில் அப்படி ஒரு அழகை நான் பார்த்தது இல்லை. இதையும் நான் மறைத்தது இல்லை.

மேல்மாடியில் உயிரியல்காரர்கள். மோகனரங்கம் என்று ஒருவர், காசநோய் பிடித்த எலிகளை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறவர். அவரிடம் கொடுத்தோம். அவர் ஒருநாள் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். "ஓய் வயிரவன், எலி எல்லாம் எழுந்து உட்கார்ந்து மீசைய முறுக்குதய்யா" என்றார். அன்றைக்குக் கூடத்தில் ஒரே கும்மாளம். கட்டுரை எழுதினோம். அவள் பெயர் முதலில், என் பெயர் கடைசியில். எங்கள் துறையில் கடைசிதான் பெரிய இடம். வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம். புதுப் பொருள் என்றால், செய்தவர் கையால் மட்டும் வந்தால் போதாது. இன்னொரு கையாலும் வரவேண்டும். அப்புறம்தான் ஆய்வேட்டில் சேர்க்கலாம். நானே செய்தேன். வேறு யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லை. பொங்கல் லீவுக்கு முன்னால் என் மேஜையில் குடுவையை மூடி வைத்துவிட்டு ஊருக்குப் போனேன். வந்து பார்க்கிறேன், தகடு! ஊசி இல்லை சார், தகடு. கெட்டியாக, சதுரம் சதுரமாக, அப்படியே கற்கண்டு.

அதே பொருள்தான். ஒரு அணுகூட மாற்றம் இல்லை. அடுக்கு மட்டும் வேறே. செங்கலை நிற்க வைத்து அடுக்கலாம், படுக்க வைத்தும் அடுக்கலாம் இல்லையா? அவளுடையது நிற்க வைத்தது. என்னுடையது படுக்க வைத்தது. எது உறுதி, நீங்களே சொல்லுங்கள். படுக்க வைத்ததுதான். ஆனால் பாருங்கள், உறுதியாக இருப்பதாலேயே அது எலியின் வயிற்றில் கரையவில்லை. கரைந்தால்தானே மருந்து வேலை செய்யும்? மோகனரங்கத்தின் எலிகள் செத்துப்போயின.

சரி, ஊசியை மறுபடி இறக்கு என்றேன் அவளிடம். தகடு வந்தது. இன்னொரு தடவை இறக்கு என்றேன். தகடு. நான் பக்கத்திலேயே நின்றேன். காலையில் வந்து நிற்பேன், சாயங்காலம் அவள் பஸ்ஸுக்குப் போகும் வரைக்கும் நிற்பேன். தகடுதான். என் தகடு முதன்முதலில் வந்த அன்றையிலிருந்து எங்கள் கூடத்தில் ஒரே ஒரு ஊசிகூட இறங்கவில்லை. அன்றையிலிருந்து. அவள் கைக்கும் இல்லை, யார் கைக்கும் இல்லை. அப்படியானால் முதலில் வந்த ஊசி என்ன? எங்கிருந்து வந்தது? ஒரு கைடு கேட்கவேண்டிய கேள்வியா இல்லையா? நீங்கள் கேட்கமாட்டீர்களா?

ஒரத்தநாடு வந்துவிட்டது. கூட்டம் ஏறுகிறது. பையை இழுத்துக்கொள்ளுங்கள்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, நின்றுகொண்டே சொன்னாள். "சார், பால்ல உறை விழுந்த மாதிரி ஆயிட்டு. உங்க தகடு ஒரு துணுக்கு போதும் சார், கண்ணுக்கே தெரியாது. அது குடுவைக்குள்ள விழுந்துச்சுன்னா, அதப் பார்த்து மொத்தமும் அது மாதிரியே அடுக்கிக்கிடும். இந்த ரூம் காத்துல இருக்கு. தராசுல இருக்கு. உங்க கோட்டுல இருக்கு. இனிமே இங்க என்னோடது வராது சார்."

என் கோட்டில்! சந்தனம் வைத்த கோட்டில்!

எனக்குத் தெரியாதது இல்லை சார் இது. நானே பாடம் நடத்துகிறவன். விதைப்படிகம் என்று பெயர். புத்தகத்தில் இரண்டு வரி இருக்கும், அப்படியும் நடப்பது உண்டு என்று. செய்ததை மறுபடி செய்துகாட்ட முடியாதவர்கள் எல்லாரும் கடைசியில் அந்த இரண்டு வரிக்குள்தான் போய் ஒளிந்துகொள்வார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். "உன் கை சரியில்லைன்னு சொல்லு, ஒத்துக்கறேன். என் கோட்டு சரியில்லைன்னு சொல்லாதே" என்றேன்.

ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. நான் அப்படிப்பட்டவன். படுத்தால் யோசனை, எழுந்தால் யோசனை. ஒருவேளை அவள் சொல்வது நிஜமாக இருந்தால்? சரி, ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று கல்கத்தாவில் என் நண்பர் ஒருவரின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். இந்தப் பொருளைப் பார்த்தே இராத கூடம். யார் செய்வார்கள் சார் இதையெல்லாம்? வேறே கைடாக இருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பான். சேர்ந்தே போவதாக இருந்தது. எனக்குக் காய்ச்சல். அவள் முதலில் போய்விட்டாள். நான் போய்ச் சேருவதற்குள் நண்பர் போன் பண்ணுகிறார். "வயிரவன், ஊசி இறங்கிவிட்டது! கண்ணாலே பார்த்தேன், என்ன அழகு!" என்கிறார்.

நான் இல்லாதபோது இறங்கிவிட்டது. கவனித்தீர்களா?

போனேன். "என் கண் முன்னால் செய்" என்றேன். கோட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒப்பிட்டுப் பார்க்க என் தகடுகளை ஒரு சின்னக் குப்பியில் கொண்டுபோயிருந்தேன். அதைத் திறந்து மேஜையில் வைத்துக்கொண்டேன். அவள் அந்தக் குப்பியைப் பார்த்தாள். செய்தாள். என்ன வந்திருக்கும்? தகடு.

நண்பர் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். "நீங்கள் வந்த பிறகு எங்கள் ஆட்களுக்கும் ஊசி வரமாட்டேன் என்கிறதே" என்றார், கொஞ்சம் சங்கடமாக. "நான் வந்த பிறகு யாராலும் ஏமாற்ற முடியவில்லை, அவ்வளவுதான்" என்றேன். அந்த நட்பும் அதோடு போயிற்று.

நான் இருந்தால் வராது, நான் இல்லாவிட்டால் வரும். இதிலிருந்து ஒரு மனிதன் என்ன முடிவுக்கு வருவான்? சொல்லுங்கள். ஒரே முடிவுதானே இருக்கிறது?

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். எங்கள் உலகத்தில் அது பெரிய அவமானம். என் பெயரும் அதில் இருக்கிறது, எனக்கும்தான் அவமானம். ஆனால் கட்டுரை போட்ட பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள், செய்தது யார் கை என்று. உண்மையைத்தானே சொல்லமுடியும்? ஆய்வேட்டிலிருந்து அந்தப் பகுதியை எடுக்கச் சொன்னேன். ஆனால் அவளைத் துரத்தவில்லை சார். வேறு ஒரு பழைய பொருளைக் கொடுத்து, முதலிலிருந்து செய்யவைத்து, பட்டம் வாங்கித் தந்தேன். அவள் கூட வந்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்ப் பிள்ளை பெற்ற பிறகுதான் வாங்கினாள், ஆனால் வாங்கினாள். பட்டம் வாங்கிய அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் என் காலைத் தொட்டார்கள். அவள் தள்ளி நின்று கும்பிட்டாள். கோட்டுப் போட்டிருந்தேன், அதனால்தானோ என்னவோ.

அதற்கப்புறம் அவளுக்கு எங்கேயும் சரியாக வேலை கிடைக்கவில்லை. "யாரு, அந்த ஊசிப் பொண்ணா?" என்பார்களாம். நான் யாரிடமும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்காதவர்களிடம் சொல்லவில்லை. எங்கோ தனியார் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள் என்றார்கள். எனக்கு வருத்தம்தான். நல்ல கை.

உங்கள் வேட்டியில் வெள்ளையாக ஏதோ விழுந்திருக்கிறது பாருங்கள். பையிலிருந்து உதிர்ந்திருக்கும். தட்டிவிடுங்கள், ஒன்றும் செய்யாது. எத்தனையோ வருஷத்துத் தூசி.

அப்புறம் எப்படியோ மேலே வந்துவிட்டாள். வரட்டும், சந்தோஷம். இப்போது பெங்களூரில் ஒரு நிலையத்தில் அவளுக்குத் தனிக் கூடம், நாலைந்து மாணவர்கள். அதில் ஒருத்தி ஜெசிந்தா, தூத்துக்குடிப் பெண். அவளை வைத்து அதே பொருளை மறுபடி எடுத்திருக்கிறாள். அதே ஊசியை! எலிக்குக் கொடுத்து, எலி பிழைத்து, எல்லாம் முடிந்து, அந்தப் பெண்ணின் ஆய்வேடே அதன் மேல்தான் நிற்கிறது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. யோசனை யாருடையது? நான் உங்களிடம் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது.

எப்படித் தெரிந்தது என்றால், அவர்கள் நிலையத்திலேயே என்னைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு குழு இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து வேலையைப் பார்த்து, போதும், ஆய்வேடு எழுதலாம் என்று சொல்லவேண்டும். அதில் வெளியாள் ஒருவர் இருக்கவேண்டும். இந்தப் பொருள் தெரிந்தவர் இந்தியாவில் வேறே யார் இருக்கிறார்கள்? என்னைப் போட்டார்கள். அவள் மறுத்துப் பார்த்திருக்கிறாள், நடக்கவில்லை.

அவளிடமிருந்து போன் வந்தது. அத்தனை வருஷம் கழித்து. "சார், நல்லா இருக்கீங்களா? அம்மாவுக்கு உடம்பு எப்படி?" எல்லாம் கேட்டாள். அப்புறம், "சார், வாங்க. உங்க வாயால நல்லாருக்குன்னு ஒரு சொல் வந்தா எனக்கு அது போதும். ஆனா லேபுக்குள்ள மட்டும் வரவேண்டாம் சார். ஊசிய வெளிய கொண்டாந்து காட்டுதேன். கையில எடுத்துப் பாருங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க."

நான் போனை வைத்துவிட்டேன்.

போனேன். விருந்தினர் அறையில் கட்டில் மேலே ஒரு புதுச் சட்டை, புதுப் பேண்டு, ஒரு சோப்பு. அளவு சரியாக இருந்தது. என் அளவை எப்படித் தெரிந்துகொண்டாளோ. அது எதற்கென்று எனக்கு முதலில் புரியவில்லை. மரியாதைக்கு வைத்திருக்கிறாள், துணி எடுத்துக் கொடுத்திருக்கிறாள் என்றே நினைத்தேன். கொஞ்சம் கண்கூடக் கலங்கியது, பைத்தியக்காரன் மாதிரி. அப்புறம்தான் புரிந்தது. ஒருவேளை நான் உள்ளே வருவேன் என்று பிடிவாதம் பிடித்தால், குளித்துவிட்டு, என்னுடையது எல்லாவற்றையும் களைந்துவிட்டு, அதைப் போட்டுக்கொண்டு வரவேண்டும். என் துணி அந்தக் கட்டடத்துக்குள் நுழையக்கூடாது.

எங்கள் ஊரில் என் சின்ன வயதில் சிலரை வாசலிலேயே நிறுத்துவார்கள் சார். உள்ளே விடமாட்டார்கள். தொட்டால் தீட்டு. நான் அதையெல்லாம் எதிர்த்தவன். என் கூடத்தில் எல்லாரும் ஒரே பானையில் தண்ணீர் குடித்தோம். என்னைக் கொண்டுபோய் ஒருத்தி, நான் கை பிடித்துக் கற்றுக்கொடுத்தவள், தீட்டு மாதிரி வாசலில் நிறுத்துகிறாள். அந்த வேதனை உங்களுக்குப் புரிகிறதா? என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

நான் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

கூடத்து வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். செண்பகவல்லிக்குக் காதோரம் நரைத்திருந்தது. கும்பிட்டாள். "சார், வேண்டாம் சார். உங்களக் கும்பிட்டுக் கேக்கேன். நான் பட்டது போதும், இந்தப் பிள்ள என்ன செஞ்சா?" என்றாள்.

"நீ நேர்மையா செஞ்சிருந்தா நான் உள்ள வந்தா என்ன? உண்மை என்னப் பாத்துப் பயப்படுமா?" என்றேன்.

"உண்ம பயப்படாது சார். ஊசி பயப்படும்."

அந்த வாய் மாறவே இல்லை. அந்தச் சின்னப் பெண் ஜெசிந்தா நடுவில் புகுந்து, "சார், கோட்டயாவது கழட்டி என்கிட்ட குடுங்க சார். பத்திரமா வெச்சிருக்கேன், ப்ளீஸ்" என்று கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. குழுவில் மற்றவர்கள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள், நான் மட்டும் வெளியே நிற்கவா? கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். யாரும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. என்ன இருந்தாலும் கைடு அல்லவா.

உள்ளே ஒரு குடுவை ஆறிக்கொண்டிருந்தது. தெளிவாக, தண்ணீர் மாதிரி. நான் அதன் மேலே குனிந்து பார்த்தேன். தொடவில்லை சார். சத்தியமாகத் தொடவில்லை. குனிந்து பார்த்தேன், அவ்வளவுதான். ஒரு புகை மாதிரிக் கலங்கியது. எனக்குத் தெரியும் அந்தக் கலங்கல். எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்! அப்புறம் இறங்கியது. சதுரம் சதுரமாக.

தகடு.

அவள் கூடத்தில், அவள் குடுவையில், அவள் மாணவியின் கையால் செய்தது. குழுவே பார்த்தது. "பாத்தியா?" என்றேன். வேறே எதுவும் சொல்லவில்லை. ஜெசிந்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். செண்பகவல்லி குனிந்து அந்தக் குடுவையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உங்களுக்கு எப்பவுமே கைராசிதான் சார்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கோபமே இல்லை.

அதற்கப்புறம் அங்கேயும் ஊசி வரவில்லையாம். பழைய குடுவைகளில் இருந்ததுகூட, திறந்து எடுத்தவுடனே மாறிப்போகிறதாம். நான் ஜெயித்துவிட்டேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். ஆனால் சார், குளிக்கும்போது சில நாள் ஒரு நினைப்பு வருகிறது. ஒருவேளை அவள் சொன்னதுதான் சரி என்றால், ராசி என்று ஒன்று கிடையவே கிடையாது. வெறும் அழுக்கு. என் வாழ்நாள் பூராவும் பிள்ளைகள் அழுக்கைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்திருக்கிறார்கள், அழுக்குக்குச் சந்தனம் வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் நான் யார்? அப்படியென்றால் அந்தப் பெண்ணுக்கு நான் செய்தது...

இல்லை. அப்படி இருக்கமுடியாது. இருந்தால் நான் உயிரோடு நடமாட முடியுமா? ஒரு மனிதனுக்கு அவ்வளவு பெரிய தப்பு தெரியாமல் போகுமா?

இப்போது எதற்கு இந்தக் கல்லூரி என்று கேட்டீர்கள். அங்கே செண்பகவல்லியின் தோழி ஒருத்தி துறைத் தலைவியாக இருக்கிறாள். குழுத் தலைவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஜெசிந்தாவை அங்கே அனுப்பியிருக்கிறார்களாம். சின்னக் கல்லூரி, இந்தப் பொருளின் காற்றே படாத இடம். புதுக் குடுவை, புதுத் தராசு. பழைய துணி ஒன்றுகூடக் கொண்டுபோகவில்லையாம் அந்தப் பெண். தலையைக்கூட ஒட்ட வெட்டிக்கொண்டுதான் போனாளாம். செண்பகவல்லி போகவே இல்லை. அவள் மேலும் என் தூசி இருக்குமாம்! எவ்வளவு வன்மம் பாருங்கள். அங்கேயே இறக்கி, அங்கேயே அளந்து, படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பிவிட்டால் போதும், ஆய்வேட்டை ஒத்துக்கொள்கிறேன் என்று தலைவர் சொல்லிவிட்டார். இந்தத் தடவையும் வராவிட்டால் அந்தப் பெண் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். பொருளையும் எல்லாரும் மறந்துவிடுவார்கள். இன்றைக்குச் சாயங்காலம்தான் இறக்கப்போகிறார்களாம்.

எனக்குச் சொல்லவில்லை. நானும் குழுவில் இருக்கிறேன். என்னிடம் மறைத்து நடக்கிறது. நான் இல்லாத இடமாகத் தேடித் தேடிப் போய்ச் செய்கிறார்கள். நேர்மையானவர்கள் செய்கிற காரியமா இது?

கெடுக்கப் போகவில்லை சார். அப்படி நினைத்துவிடாதீர்கள். அந்த ஊசி நிஜமாகவே இறங்கட்டும். என் கண் முன்னால் ஒரே ஒரு தடவை இறங்கட்டும். அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, அவளுக்குப் போன் பண்ணி, செண்பகம், நான்தான் தப்பு என்று சொல்லிவிடுவேன். நான் கேட்பது அவ்வளவுதான். என் கண் முன்னால். வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் வாசலில் நின்றால் குடுவைக்குள்ளே என்ன தெரியும்? பக்கத்தில் போனால்தானே தெரியும்.

பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. கோட்டை இங்கேயே போட்டுக்கொண்டுவிடுகிறேன், ஆட்டோவில் இடம் இருக்காது. குப்பி கோட்டுப் பையில்தான் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. மூடி கொஞ்சம் லூசு.

கல்லூரி எந்தப் பக்கம் சார்?

கேட்கவில்லையா? கல்லூரிக்கு எந்தப் பக்கம் போகவேண்டும்? தெரியும் என்றுதானே சொன்னீர்கள்? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி, விடுங்கள். ஆட்டோக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே யாருக்குத் தெரியாது?

பையைக் கொடுங்கள். எல்லாரும் இறங்கிவிட்டார்கள் பாருங்கள், கண்டக்டர் விசிலடிக்கிறார். பையை விடுங்கள் சார். எதற்கு இப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? விடுங்கள்.